வலது கால் ஷூ

வுப்பர்டால்
9-10-1966

அன்புள்ள அக்காவுக்கு,

இந்த அகால வேளையில் எழுத உட்கார்ந்ததற்கு முதலில் மன்னித்துக்கொள். இவர் தூங்கிவிட்டார். இருப்பதே ஒற்றை அறை என்பதால் மேஜை விளக்கின்மேல் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் அதுதான் காரணம். நாங்கள் இருவரும் நன்றாகத்தான் இருக்கிறோம். அங்கே உன் முதுகுவலி எப்படி? அத்தான் சுகமா? கண்மணி தூங்கும்போது இன்னும் புடவைத் தலைப்பு கேட்கிறாளா?

விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு வேலை கிடைத்துவிட்டது! இங்கே ஜெர்மனியில் பிரிட்டிஷ் பட்டாளம் இன்னும் இருக்கிறது, தெரியுமோ? சண்டை முடிந்து இருபது வருஷம் ஆகியும் போகவில்லை. அவர்கள் பிள்ளைகளுக்கென்று தனிப் பள்ளிக்கூடங்கள் வைத்திருக்கிறார்கள். அதில் ஒன்றில் சரித்திர டீச்சர் பிரசவத்துக்குப் போயிருக்கிறாள். அவள் இடத்தில் அடுத்த ஜூன் வரைக்கும் நான். ரயிலில் ஒரு மணி நேரம் போக வேண்டும். பதினொன்று, பன்னிரண்டு வயசுப் பிள்ளைகள். நார்மன் வில்லியம் கப்பலை விட்டு இறங்குவதில் ஆரம்பித்து, சார்லஸ் ராஜாவின் தலை உருளுவது வரைக்கும் பாடம்.

முதல் நாள் வகுப்புக்குள் நுழைந்தேன். முப்பது ஜோடி நீலக் கண்கள். மூக்கெல்லாம் புள்ளிபுள்ளியாக ஹேசல் என்று ஒரு பெண். அவள் எழுந்து கேட்டதை நம் பேச்சில் சொல்கிறேன்.

"மிஸ், எங்க ராஜாக்களை உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நீங்கதான் எங்க ஊர்ல பாடமா வெச்சீங்க. பரீட்சையும் வெச்சீங்க."

"நீங்க பாஸா?"

"பாஸ்."

"அப்ப சரி" என்று உட்கார்ந்துவிட்டாள்.

ஆனால் அக்கா, எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. ஆசிரியர் பயிற்சிக்குப் பி.டி. படித்தபோது சொல்லிக்கொடுத்ததெல்லாம் மறந்துவிட்டது. நீ பொன்மலைப் பள்ளிக்கூடத்தில் வருஷாவருஷம் இதே இங்கிலாந்து சரித்திரத்தைத்தானே நடத்தினாய்? எப்படி நடத்துவாய் என்று எழுது.

இந்த வேலை எதற்கு என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்காரி குழந்தை கூடவே கூடாது என்று சொன்னதால்தானே கண்மணியை உன்னிடம் விட்டுவிட்டு வந்தேன். இந்தச் சம்பளத்தில் தனி வீடு பார்த்துவிடலாம். கோடையில் அவளை அழைத்துக்கொண்டு வந்துவிட வேண்டும். அதற்குள் அவளுக்கு என் முகம் மறந்துவிடுமோ என்று தினமும் பயம்.

இன்னொன்று. இங்கே பிள்ளைகளுக்கு இளம்பிள்ளை வாதம் வராமல் இருக்க மருந்தைச் சர்க்கரைக் கட்டியில் சொட்டு விட்டுத் தின்னக் கொடுக்கிறார்கள். ஊசியே இல்லை. ரயில்வே ஆஸ்பத்திரியில் அது கிடைக்குமா என்று அத்தானை விசாரிக்கச் சொல். கண்மணியை ஒரு காகிதத்தில் நிற்க வைத்து இரண்டு பாதத்தையும் பென்சிலால் வரைந்து அனுப்பு. ஷூ வாங்க வேண்டும்.

உன் தங்கை,
கிரிஜா

*

பொன்மலை
27-10-1966

கிரிஜா கண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் அக்காவின் ஆசிகள்.

இங்கே மூன்று பேரும் சௌக்கியம். மழைதான் சௌக்கியமாக இல்லை, ஒரேயடியாகக் கொட்டித் தீர்க்கிறது. உன் கடிதத்தை அத்தானுக்குப் படித்துக் காட்டினேன். "வெள்ளைக்காரனுக்கே வெள்ளைக்காரன் கதையா? நம்ம வீட்டுப் பொண்ணு வட்டியோட திருப்பிக் குடுக்குது" என்று சிரித்தவர், ஒர்க்‌ஷாப்பில் போய் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார்.

அடியே, தேதியில் ஆரம்பிக்காதே. ஆளில் ஆரம்பி. ஹரால்டு ராஜாவின் படை வடக்கே ஒரு சண்டையை முடித்துவிட்டு, நார்மன்காரன் வந்துவிட்டான் என்று கேட்டதும் தெற்கே ஓட்டமும் நடையுமாக வந்தது இல்லையா? அதில் ஒரு சிப்பாயின் காலில் ஆரம்பி. கொப்புளம் எங்கே, செருப்பு எங்கே அறுந்தது என்று கேள். பிள்ளைகள் தாமாக ஹேஸ்டிங்ஸ் போர்க்களத்துக்கு வந்து சேருவார்கள். அப்புறம், பழைய குறிப்பு எதைப் படித்தாலும், எழுதினவன் எதை எழுதாமல் விட்டான் என்று கேட்கச் சொல். என் பெண்கள் அதில் புலிகள். இல்லாததைக் கண்டுபிடிப்பதில்தான் சரித்திரம் இருக்கிறது.

உன் மகள் இப்போது வாயாடி. பால்காரரிடம் "தண்ணி ஊத்தாம குடு" என்கிறாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை, சத்தியமாக. நேற்று மழையில் முற்றத்துக் குட்டையில் குதித்துக் குதித்து என் பள்ளிக்கூடப் புடவையை நாசம் பண்ணினாள். தலைப்பு இல்லாமல் தூக்கம் இல்லை. உன் பச்சை நூல் புடவையைத்தான் கொடுக்கிறேன். உன் போட்டோவுக்குத் தினமும் குட்நைட் உண்டு. பயப்படாதே.

சொட்டு மருந்து ஆஸ்பத்திரிக்கு அடுத்த மாசம் வருமாம். அத்தான் பேர் கொடுத்திருக்கிறார்.

கால் அளவு இத்துடன். பென்சில் பட்டதும் கூச்சத்தில் காலை இழுத்துக்கொண்டு ஒரே சிரிப்பு. வலது கட்டைவிரல் பக்கம் கோடு விலகி ஓடியிருப்பது அதனால்தான். கொஞ்சம் பெரிதாகவே வாங்கு, கால் வளருகிறது.

வேதவல்லி

*

வுப்பர்டால்
20-11-1966

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே எல்லாரும்? எனக்குச் சளி, இவருக்கு ஆராய்ச்சிக்கூடத்துச் சாயப் பரிசோதனையில் கையெல்லாம் ஊதா. வேறு குறை இல்லை.

உன் சிப்பாயின் கொப்புளம் வெற்றி! ஒரு பையன் வில்லியமின் குதிரைக்கும் கொப்புளம் வருமா என்று கேட்டான். தலைமையாசிரியர் பின்பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தார். போகும்போது "நல்லது" என்றார். அது நல்லதா, இல்லை இந்த ஊர் மரியாதையா என்று ராத்திரி முழுக்க யோசித்தேன்.

இந்த வாரம் கொள்ளைநோய்ப் பாடம். ஊர் ஊராகச் செத்தது, வயல்கள் தரிசானது எல்லாம் சொல்லி முடித்தேன். ஹேசல் கையைத் தூக்கினாள். "மிஸ், அம்மாக்கள் பிள்ளைங்களை விட்டுட்டு ஓடினாங்களா?" சில குறிப்புகளில் அப்படித்தான் இருக்கிறது, அக்கா. "ஓடினாங்க. எல்லாரும் இல்லை" என்றேன். அவள் அண்ணன் இங்கிலாந்தில் ஹாஸ்டலில் இருக்கிறானாம், அதனால் கேட்டாளாம். எனக்கு அதன்பிறகு கரும்பலகையில் கை ஓடவில்லை.

ஷூ வாங்கிவிட்டேன்! சிவப்பு, பக்கத்தில் ஒரு வார், வெள்ளிக் கொக்கி. உன் காகிதத்தைக் கடைக்கே எடுத்துப்போய் அதன்மேல் வைத்துப் பார்த்து வாங்கினேன். கடைக்காரி விலகின கோட்டைப் பார்த்து "பிள்ளைக்குக் கூச்சமா?" என்று கேட்டுவிட்டாள். மாசக் கடைசியில் இவருடைய சிநேகிதர் சேஷாத்ரி ஊருக்குப் போகிறார். அவரிடம் கொடுத்து அனுப்புகிறோம். எப்படி அனுப்புகிறோம் என்று எழுதக்கூடாதாம். சுங்கக்காரர்கள் காதில் விழுந்துவிடுமாம். இவருடைய மூளையைப் பார்! வந்து சேர்ந்ததும் உனக்கே புரிந்துவிடும்.

சொட்டு மருந்து வந்ததா? மறக்காமல் எழுது.

கிரிஜா

*

பொன்மலை
22-12-1966

அன்புள்ள கிரிஜாவுக்கு,

எல்லாரும் சுகம். அரைப்பரீட்சை விடைத்தாள் குவிந்ததால் பதில் எழுதத் தாமதம். கோபித்துக்கொள்ளாதே.

கொள்ளைநோயைச் சாவோடு நிறுத்திவிடாதே. அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்று கேட்கச் சொல். ஆள் குறைந்ததால் கூலி ஏறியது. பண்ணையாட்கள் பயம் விட்டுப் பேச ஆரம்பித்தார்கள். சட்டம் போட்டுக் கூலியை அமுக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. கடைசியில் குடியானவர்கள் லண்டனுக்கே கிளம்பினார்கள். பதினாலு வயசு ராஜா குதிரையில் எதிரே வந்து நின்றான். பதினாலு வயசு என்பதைச் சொல், உன் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். அப்புறம் வரைபடம். கறுப்புச் சாயத்தில் நோய் பரவிய வழியை வரையச் சொல்; துறைமுகத்தில் ஆரம்பித்து ஆற்றோரமாகப் போகட்டும். போன வருஷம் நாகலட்சுமி டீச்சர் வகுப்பில் அப்படித்தான் செய்தோம். உடையலங்காரம் வேண்டாம், நேரம் போய்விடும். வேண்டுமானால் ஒருவர் பண்ணையார், ஒருவர் ஆள் என்று இரண்டு பேரை மட்டும் பேச விடு.

இடம் தீர்ந்துவிட்டது. கண்மணி சுகம்.

வேதவல்லி

*

வுப்பர்டால்
8-1-1967

அன்புள்ள அக்காவுக்கு,

புது வருஷத்தில் எல்லாரும் நன்றாக இருக்க வேண்டும். இங்கே பனி கொட்டி, மேலே தண்டவாளத்தில் தொங்கியபடி ஓடும் இந்த ஊர் ரயில் ஒரு நாள் அப்படியே ஆற்றுக்கு மேலே நின்றுவிட்டது. நான் அதற்குள் இருந்தேன். கீழே பார்க்காமல் உன் கடிதத்தை எடுத்துப் படித்துக்கொண்டிருந்தேன்.

எத்தனை தடவை படித்தாலும் கண்மணிக்கு அதில் இரண்டே சொல். கூலிச் சட்டத்துக்குப் பாதிப் பக்கம்! பால்காரரை என்ன சொன்னாள், குட்டையில் குதித்தாளா, ஒன்றும் இல்லை. சொட்டு மருந்தைப் பற்றியும் இல்லை.

எனக்குத் தோன்றியதைக் கேட்டுவிடுகிறேன். அவள் உன்னை அம்மா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாளா? அதை எனக்கு எழுதக் கூச்சப்பட்டு விட்டுவிட்டாயா? அப்படி இருந்தால் எனக்கு வருத்தம் இல்லை, அக்கா. பொய். வருத்தம்தான். ஆனால் தாங்கிக்கொள்வேன். உனக்குப் பிள்ளை இல்லாத வீட்டில் என் பிள்ளையை விட்டுவிட்டு வந்தவள் நான்; அவள் யாரை எப்படிக் கூப்பிட்டாலும் உன்மேல் குறை சொல்ல மாட்டேன். ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. நின்றபடி, முழு உருவமும் தெரிய.

நல்ல செய்தி: மே மாதத்திலிருந்து வீடு கிடைத்துவிட்டது. இரண்டு அறை, குழந்தை இருக்கலாம். நாலாவது மாடி, லிப்ட் கிடையாது. ஓடியாடுகிற பிள்ளைக்கு அது ஒரு பொருட்டா?

சேஷாத்ரி போய்ச் சேர்ந்திருப்பார். அடுத்த மாதம் எனக்கு இளவரசர்கள் பாடம். அதுதான், லண்டன் கோட்டைக்குள் வைக்கப்பட்டுக் காணாமல் போன அந்த இரண்டு பையன்கள். எப்படி நடத்துவது?

கிரிஜா

*

பொன்மலை
1-2-1967

அன்புள்ள கிரிஜாவுக்கு,

அனைவரும் நலம். அங்கே குளிர் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

ஷூ வந்தது. சேஷாத்ரியின் மைத்துனர் ரயிலில் வந்து, ஸ்டேஷனிலேயே அத்தானிடம் கொடுத்துவிட்டுப் போனாராம். ரொம்ப அழகு. இரண்டு காலுக்கும் கச்சிதமாக இருக்கிறது. நாள் முழுக்கக் கழற்றாமல் போட்டுக்கொண்டு வீட்டைச் சுற்றிச் சுற்றி வருகிறாள். அம்மா என்று என்னைக் கூப்பிடவில்லை, பெரியம்மாதான். ஸ்டூடியோக்காரர் ஊரில் இல்லை, போட்டோ பிறகு.

இளவரசர்களைப் பற்றி: ராஜ்யத்துக்காக அவர்கள் சித்தப்பா கொன்றார் என்று நீயாகச் சொல்லாதே. யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. பிள்ளைகள் அழுத்திக் கேட்பார்கள். தெரியாது என்றே சொல். பார்த்துக்கொள்கிறேன் என்று வாங்கிக்கொண்டவர் மனதில் என்ன இருந்தது என்று வெளியே நிற்கிறவர்களால் சொல்ல முடியாது. அவர் நல்லபடியாகப் பார்த்துக்கொள்ளத்தான் நினைத்திருக்கலாம். அதையும் பிள்ளைகளுக்குச் சொல்.

வேதவல்லி

*

வுப்பர்டால்
19-2-1967

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம் விசாரித்து எழுதுகிற வழக்கத்தை இன்றைக்கு விட்டுவிடுகிறேன். கேட்டால் நீ சுகம் என்றுதான் எழுதுவாய்.

போன வியாழக்கிழமை இளவரசர்கள் பாடம். நீ சொன்னபடியேதான் நடத்தினேன். ராஜா செத்துப்போகிறார். மூத்தவனுக்குப் பன்னிரண்டு, இளையவனுக்கு ஒன்பது. பத்திரமாக இருக்கட்டும் என்று சித்தப்பா கோட்டைக்குள் வைக்கிறார். அந்தக் கோடையில் அவர்களைப் பார்த்ததாக இருக்கிற தகவல்களைப் பலகையில் எழுதிப் போட்டு, உன் கேள்வியையே கேட்டேன். இதில் எது இல்லை?

ஹேசல் எழுந்தாள். "மிஸ், முதல்ல தோட்டத்துல விளையாடினாங்கன்னு இருக்கு. அப்புறம் ஜன்னல் வழியா எப்பவாச்சும் தெரிஞ்சாங்கன்னு இருக்கு. அப்புறம் ஒண்ணுமே இல்லை."

"அதனால?"

"அதனால, ஜன்னலுக்குப் போனப்பவே யாராச்சும் போய்ப் பார்த்திருக்கணும்."

வீட்டுக்கு வந்து உன் கடிதங்களை வரிசையாக வைத்தேன். அக்டோபரில் என் பெண் குட்டையில் குதிக்கிறாள். டிசம்பரில் "கண்மணி சுகம்". அக்டோபர் தோட்டம், டிசம்பர் ஜன்னல். ஆனால் பிப்ரவரிக் கடிதத்தில் ஷூ போட்டுக்கொண்டு வீட்டைச் சுற்றி வருகிறாளே, நான்தான் அரைப் பைத்தியம் என்று என்னையே திட்டிக்கொண்டு படுத்துவிட்டேன்.

நேற்று சாயங்காலம் கொலோனிலிருந்து வாசுதேவன் வந்தார். இவரோடு படித்தவர். கையில் ஒரு பழுப்புக் காகிதப் பொட்டலம்.

"மன்னிச்சுக்கங்க சிஸ்டர், முன்னாடியே சொல்லியிருக்கணும். புரொபசர் லீவ் குடுக்கலை. டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிட்டேன். இது உங்க குழந்தையோடது, பத்திரமா வெச்சிருந்தேன்."

இப்போது உனக்குச் சொல்லிவிடுகிறேன். இங்கே ஊருக்குச் சாமான் அனுப்புகிற எல்லாருக்கும் தெரிந்த தந்திரம் இது. ஒரு ஜோடி புது ஷூ பெட்டியில் இருந்தால் சுங்கத்தில் எடுத்து வைத்துக்கொண்டு தீர்வை கேட்பார்கள். ஒற்றை ஷூ என்றால் குப்பை என்று விட்டுவிடுவார்கள். அதனால் ஒருவரிடம் இடது கால், பத்து நாள் கழித்துப் போகிற இன்னொருவரிடம் வலது கால். சேஷாத்ரி கொண்டு போனது இடது கால் மட்டும். வலது காலை வாசுதேவன் கொண்டு போயிருக்க வேண்டும்.

பொட்டலத்தைப் பிரித்ததும் இவர் சிரித்தார். "பாவம் உன் அக்கா, ஒத்தை ஷூவைப் பார்த்து முழிச்சிருப்பாங்க. என்ன எழுதியிருக்காங்க, படி." அலமாரியிலிருந்து உன் கடிதத்தைத் தானே எடுத்தார். படித்தார். சிரிப்பு நின்றுவிட்டது. கடிதத்தை மடித்து என்னிடம் கொடுக்காமல் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வாசுதேவனுக்கு ஒன்றும் புரியாமல் காபியைக் குடிக்காமலே கிளம்பிவிட்டார்.

இரண்டு காலுக்கும் கச்சிதம் என்று எழுதியிருக்கிறாய். வலது கால் ஷூ இந்தக் கடிதத்துக்குப் பக்கத்தில் என் மேஜைமேல் இருக்கிறது, அக்கா. வார்கூட வளையவில்லை.

அவள் எங்கே? என் பெண் இருக்கிறாளா?

விடிந்ததும் தந்தி கொடுக்கப் போகிறேன்.

கிரிஜா

*

வுப்பர்டால்
24-2-1967

அக்கா,

தந்திக்கு அத்தான் பதில் வந்தது. "குழந்தை எங்களோடு இருக்கிறாள். கடிதம் வருகிறது." இருக்கிறாள் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு நாலு நாளாக நடமாடுகிறேன். சுகம் என்று ஒரு சொல் சேர்க்க அத்தானுக்கு மனம் வரவில்லை. அவர் பொய் சொல்லத் தெரியாதவர்.

இவர் பயணச்சீட்டு விசாரித்துக்கொண்டிருக்கிறார். நான் வகுப்புக்குப் போகிறேன், வருகிறேன். எட்டாம் ஹென்றியின் மனைவிகளைப் பிள்ளைகள் பாட்டாகப் பாடுகிறார்கள். எனக்குக் காது கேட்கவில்லை. தபால்காரர் வருகிற சைக்கிள் சத்தம் மட்டும் இல்லாத நேரத்திலும் கேட்கிறது.

எதுவாக இருந்தாலும் எழுது.

கிரிஜா

*

பொன்மலை
22-2-1967

என் கிரிஜாவுக்கு,

கண்மணி உயிரோடு இருக்கிறாள். இதை முதலில் படி. இப்போது என் மடியில்தான் தூங்குகிறாள். காய்ச்சல் இல்லை. சாப்பிடுகிறாள். பேசுகிறாள்.

வலது கால் போய்விட்டது. இளம்பிள்ளை வாதம்.

தீபாவளி கழிந்த வாரம் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றார்கள். விட்டது. மறுநாள் காலையில் கட்டிலை விட்டு இறங்கினாள், கால் துணி மாதிரி மடிந்து கீழே விழுந்தாள். விளையாடுகிறாள் என்று நினைத்து நான் சிரித்தேன், கிரிஜா. சொட்டு மருந்தை அடுத்த மாசம் என்றார்கள். மருந்து வருவதற்குள் நோய் வந்துவிட்டது. ரயில்வே ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். அத்தான் லீவு போட்டு மெட்ராஸுக்குத் தூக்கிக்கொண்டு போனார். உயிருக்குப் பயமில்லை, மற்றக் கால் தப்பித்தது, இந்தக் கால் கொஞ்சம் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார்கள். காலையும் மாலையும் வெந்நீர்த் துணி சுற்றி நீவிவிடுகிறேன். ராத்திரி மரச்சட்டம் கட்ட வேண்டும். அழுவாள். உட்கார்ந்தபடியே நகர்ந்து வீடு முழுக்கப் போகிறாள்.

ஏன் எழுதவில்லை என்று கேட்பாய். ஒரு அடி வைக்கட்டும், அதைச் சேர்த்து எழுதலாம் என்று இருந்தேன். கெட்ட சேதியோடு ஒரு நல்ல சேதியும் போகட்டும் என்று. டிசம்பரில் வைப்பாள் என்று நினைத்தேன். அப்புறம் பொங்கலுக்கு. எழுத உட்கார்ந்தால் உன் பாடத்தைப் பற்றித்தான் பேனா ஓடியது. நீ கேட்டது இவளை, நான் எழுதியது கூலிச் சட்டத்தை.

பிறகு அந்தப் பார்சல். அத்தான் பிரித்தார். உள்ளே ஒரே ஒரு ஷூ. இடது கால். உனக்கு யாரோ சொல்லிவிட்டார்கள், நல்ல காலுக்கு மட்டும் வாங்கி அனுப்பியிருக்கிறாய், ஒரு வார்த்தை திட்டாமல் இப்படிச் சொல்லிக் காட்டுகிறாய் என்று நினைத்தேன். அத்தான், "அவ அப்படிப்பட்டவ இல்லடி, வழியில விழுந்திருக்கும், கேட்டு எழுது" என்றார். இன்னொன்று எங்கே என்று கேட்டால் காலைப் பற்றிப் பேச வேண்டுமே! இரண்டு காலுக்கும் என்று எழுதிவிட்டேன். எழுதின பிறகு தபால்பெட்டி வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன். மறுநாள்தான் போட்டேன்.

நாள் முழுக்கக் கழற்றுவதில்லை என்றேனே, அது பொய் இல்லை. தூங்கும்போதும் இடது காலில் அது இருக்கிறது. இன்னொன்று எப்போது வரும் என்று அவளும் கேட்கிறாள். உன் போட்டோவைக் காட்டி, "ஷூ அம்மா கிட்ட இருக்கா?" என்கிறாள்.

வலது ஷூ உன்னிடமே இருக்கிறது என்று உன் தந்தியில் படித்தபோது எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. என்ன வேண்டுமானாலும் எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

வேதவல்லி

*

வுப்பர்டால்
6-3-1967

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று நாள் ஆகிறது. முதல் இரண்டு நாள் பேனாவைத் தொடவில்லை. மன்னித்துவிட்டேன் என்று எழுதலாம் என்று இன்றைக்கு உட்கார்ந்தேன். அந்தச் சொல் வரவில்லை. அது வரும்போது வரட்டும், நீ காத்திரு. அவள் விழுந்தபோது நீ சிரித்தாய் என்று எழுதியிருக்கிறாய்; நானாக இருந்தாலும் சிரித்திருப்பேன். அதை மட்டும் இன்றைக்குச் சொல்ல முடிகிறது. நீ நாலு மாசம் தனியாக அந்தக் காலை நீவிக்கொண்டிருந்தபோது நான் ஒற்றை ஷூவை அனுப்பி உன்னை இன்னும் பயமுறுத்தியிருக்கிறேன். எங்கள் புத்திசாலித்தனத்தில் இடி விழ.

மே மாதம் இவர் வந்து அழைத்து வருகிறார். விசாவுக்கு டாக்டர் சர்டிபிகேட் வேண்டும். காலைப் பார்த்து மறுத்துவிடுவார்களோ என்று பயம். பிடித்து வைத்த நாலாவது மாடி வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். முன்பு துள்ளி ஏறிய படிகள். இந்தத் தடவை பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். தரைத்தளத்தில் தேடுகிறோம். இன்னும் கிடைக்கவில்லை.

ராத்திரி நான் அழுதது கீழே கேட்டிருக்கிறது. வீட்டுக்காரி காலையில் மேலே வந்து, என்ன என்று கேட்டாள். அரைகுறை ஜெர்மனில் சொன்னேன். குழந்தையைக் கொண்டு வா என்றெல்லாம் சொல்லவில்லை, அவள் அப்படிப்பட்டவள் இல்லை. மேஜைமேல் இருந்த ஷூவைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது உதவாது" என்றாள். பிறகு ஒரு தெருப் பேரைச் சொன்னாள். சண்டைக்குப் போய் ரஷ்யாவிலிருந்து பாதிப் பாதத்தோடு திரும்பிய அவள் புருஷனுக்குச் சாகும் வரைக்கும் அங்கேதான் ஷூ தைத்தார்களாம்.

போனேன். கடை முழுக்க மரத்தில் செய்த பாதங்கள், ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு பேர். ஒன்றும் ஜோடியாக இல்லை. உன் அக்டோபர் காகிதத்தைக் காட்டினேன். அந்தச் செருப்புக்காரர் விளக்கடியில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது பழைய கால். எனக்கு இப்போதுள்ள கால் வேண்டும்" என்றார். பக்கத்தில் இரும்புச் சட்டம் வைத்துத் தைக்க வேண்டுமாம். நடப்பாளா என்று கேட்டேன். "நான் ஷூதான் தைக்கிறேன்" என்றார். நிறம் என்ன என்று மட்டும் கேட்டார். சிவப்பு என்றேன்.

இன்றைக்கு வகுப்பில் ஹேசல், இளவரசர்கள் என்ன ஆனார்கள் என்று தெரிந்ததா என்று மறுபடி கேட்டாள். தெரியாது என்றுதான் சொன்னேன். ஆனால் யாராவது போய்ப் பார்த்திருக்க வேண்டும் என்று அவள் சொன்னது சரி என்று சொன்னேன்.

அதனால் கேட்கிறேன். கண்மணியைக் காகிதத்தின்மேல் நிற்க வை. நிற்க முடியாவிட்டால் உட்கார வை, அத்தானைப் பிடித்துக்கொள்ளச் சொல். வலது பாதத்தை வரை. சூம்பியிருந்தால் சூம்பினபடியே, திரும்பியிருந்தால் திரும்பினபடியே. கோட்டை நேராக்காதே, அக்கா. பென்சில் பட்டால் கூசுகிறதா, காலை இழுக்கப் பார்க்கிறாளா, அதையும் எழுது. இல்லை என்றால் இல்லை என்று எழுது.

சீக்கிரம் பதில் போடு.

கிரிஜா